நோயிலிருந்து எழுந்தவரின் நடை

மாரடைப்பிலிருந்தோ, காசநோயிலிருந்தோ, பெரியதொரு சத்திரசிகிச்சையிலிருந்தோ தப்பிப் பிழைத்த ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் பூரணையோடு சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்குகிறது. "இந்த வருடம் நானும் மலைக்குப் போகிறேன்" என்கிறார் அவர். "உனக்கென்ன பைத்தியமா?" என்று வீட்டில் ஒருவர் தடுப்பார். "மனத் தைரியம் இருந்தால் எல்லாம் முடியும்" என்று இன்னொருவர் உசுப்பிவிடுவார். அவரோடு கூட நடக்கப்போவது யார் என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை. இன்று நாம் ஆராய வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

மலையக மக்களுக்கு இது பழைய கேள்வி. நம் முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடற்கரைவரை நடந்து, தோணியேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். நல்ல தண்ணீர் அரிது. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் கூடவே நடந்து வந்தன. நடுவழியில் ஒருவர் விழுந்துவிட்டால் கூட்டம் அவருக்காக நிற்கவில்லை. கங்காணியிடம் வாங்கிய முன்பணம் ஒவ்வொருவர் தலையிலும் கடனாக இருந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் காலமும் யாருக்காகவும் காத்திருக்காது. எனவே நோயாளி பாதையோரத்தில் விடப்பட்டார். வழிநெடுகக் கிடந்த எலும்புகளைப் பற்றி அக்காலத்தவரே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவர்களை எப்படியும் காப்பாற்றியிருக்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். வாந்திபேதியில் மனிதனைக் கொல்வது, உடலைவிட்டுப் பெருகி வெளியேறும் நீரும் உப்பும்தான். 1971ஆம் ஆண்டு வங்காளத்தின் பொங்கான் அகதிமுகாமில், ஊசிமருந்து தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகவே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேரளவில் இருந்த சாவு, நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கியது. அந்த நீரைக் கிண்ணம் கிண்ணமாகப் புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளியின் உறவினர்களே. காட்டுப்பாதையில் விழுந்துகிடந்த நம்மவரின் பக்கத்திலும் ஒருவர் நின்று தண்ணீர் புகட்ட முடிந்திருந்தால், எத்தனையோ பேர் எழுந்து மாத்தளைவரை வந்திருப்பார்கள். அன்று அப்படி நிற்க விடப்பட்டவர் யாரும் இல்லை.

அதே பாதையை நம் மக்கள் 2023ஆம் ஆண்டு மீண்டும் நடந்தார்கள். இருநூறு ஆண்டு நினைவாக ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை வழியாக ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. முழுத்தூரமும் நடந்தவர்கள் உண்டு. ஒரு நாள் மட்டும் சேர்ந்து நடந்தவர்களும் உண்டு. சேர்ந்து நடந்த அந்த ஒரு நாளையும் குறைவாக எண்ணக்கூடாது.

இனி சிவனொளிபாதமலைக்கு வருவோம். ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போனால், அங்கிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர். படிகள் சுமார் 5,500. உயரம் 2,243 மீற்றர். இரத்தினபுரிப் பாதை இதைவிட நீளமானது. நோயிலிருந்து எழுந்தவருக்கு வேண்டவே வேண்டாம். உச்சியில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விடியற்காலைக் குளிரோ எலும்பைத் துளைக்கும்.

முதலில் வைத்தியரின் சம்மதம் வேண்டும். மாரடைப்பு வந்தவரை, ஓடும் பட்டியில் நடக்கவைத்து இருதயத்தைப் பரிசோதித்த பின்னரே அவர் விடைசொல்வார். காசநோய் கண்டவர் மருந்தை முழுமையாக உட்கொண்டு முடித்திருக்க வேண்டும். அதன்பின் கால்களைக் கவனியுங்கள். வயதானவர் பத்து நாள் படுக்கையிலேயே கிடந்தால் கால்களில் மட்டும் ஒரு கிலோ அளவு தசை கரைந்துவிடும் என்று ஆராய்ச்சியாளர் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அதை மீட்க வாரக்கணக்கில் நடக்கவேண்டும். முதலில் லயத்து முற்றம், பிறகு தோட்டத்து ரோட்டு, பிறகு படிகள். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதே நல்ல அளவுகோல். நாடியை எண்ணிப் பார்ப்பதை நம்பவேண்டாம். இருதய நோயாளர் பலர் உட்கொள்ளும் மாத்திரை நாடித்துடிப்பையே குறைத்துவிடும்.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையில் தொடை நடுங்குவதும் முழங்கால் நோவதும் இறங்கும்போதே. ஆகையால் பலத்தில் பாதியை இறக்கத்துக்கென்று மீதிவைக்க வேண்டும். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் நடவுங்கள். இளைஞர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும். நெஞ்சு இறுகினால், தாடையோ இடக்கையோ வலித்தால், தலை சுற்றினால், உடனே உட்காரவைத்து உதவி கேளுங்கள். அதன்பின் மேலே ஒரு படிகூட ஏறக்கூடாது. எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை உச்சியில் மணி அடிப்பது வழக்கம். பாதிவழியில் திரும்பியவருக்கு அந்த மணிக்கணக்கில் இடமில்லை. வீட்டுக் கணக்கிலாவது அவருக்கு இடம் கொடுங்கள்.

மலைக்குப் போவது விருப்பம். நம் தோட்டங்களில் விருப்பமே இல்லாத நடை ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாட்களிலேயே கொழுந்துக்கூடையோடு செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் பெண்ணின் நடை அது. நிறை குறைந்தால் அரைப்பேர். அதற்குப் பயந்து அவள் மூச்சுவாங்குவதை மறைக்கிறாள். வீட்டிலுள்ளவர்களும் அவள் குணமாகிவிட்டாள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மாலையில் தண்ணீர்க்குடமும் விறகும் பழையபடி அவள் தலைக்கே வருகின்றன.

குடமும் விறகும் கணவன், பிள்ளைகளின் கைக்கு மாறுவதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. வேலைத்தலத்துக்கு வேண்டியது ஒரு கடிதம். ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும்போதே, இத்தனை வாரங்களுக்கு இலகுவான வேலை என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். அதைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுக்குமுன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவளைத் தனியே அனுப்பாதீர்கள்.