விரால் எதைத் தின்கிறது? மீன்குஞ்சு விடும் முன் கவனிக்க!

ஆனிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் குற்றால மலையிலிருந்து சிற்றாறு பெருகி வந்தால், தென்காசி வட்டாரத்துக் குளங்களும் பண்ணைக் குட்டைகளும் நிறையும். விவசாயிகள் பலர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுவார்கள். சில மாதம் கழித்து வலை இழுத்தால், விட்டதில் பாதிகூடத் தேறவில்லை என்று குறைப்படுவோர் உண்டு. குஞ்சு விற்றவரைக் குறை சொல்லுமுன், நீரில் விரால் இருந்ததா என்று பாருங்கள்.

வயதுக்கேற்ற இரை

விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாக நீர்மட்டத்தில் திரியும். தாயும் தகப்பனும் காவல் காக்கும். இப்பருவத்தில் நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்களே உணவு. சற்று வளர்ந்ததும் பூச்சிகள், சிறு இறால், பிற மீன்களின் குஞ்சுகள் ஆகியவற்றைப் பிடிக்கும். வளர்ந்த விரால், மீன், தவளை, தலைப்பிரட்டை எதையும் விடாது. செடி மறைவில் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வருவதை ஒரே பாய்ச்சலில் விழுங்கும். வாய்க்குள் அடங்கினால்தான் அது இரை. நமக்கு வேண்டிய பாடம் இதுதான்.

சமைக்க வாங்கும் விராலின் இரைப்பையை ஒருமுறை அறுத்துப் பாருங்கள், உண்மை விளங்கும்.

சொந்தக் குட்டையில்

கோடையில் குட்டையை நன்றாகக் காயவிடுவது முதல் வேலை. விரால் காற்றையும் சுவாசிப்பதால் ஈரச் சேற்றில் பல நாள் உயிரோடு கிடக்கும். நீரை வடிக்க முடியாவிட்டால் இலுப்பைப் புண்ணாக்கு இடலாம். ஒரு கன மீட்டர் நீருக்கு 250 கிராம் தேவை. 10 சென்ட் குட்டையில் ஒரு மீட்டர் நீர் நின்றால் 100 கிலோ ஆகும். ஒரு அடியாக வற்றியபின் இட்டால் சுமார் 30 கிலோ போதும். இரவு ஊறவைத்துக் கரைத்து, குட்டை முழுவதும் பரவலாகத் தெளிக்கவும். மயங்கி மிதக்கும் மீன்களை உண்ணலாம். அந்த நீரை வாய்க்காலில் விடக்கூடாது. மூன்று வாரத்தில் நஞ்சு முறிந்து, புண்ணாக்கு எருவாகிவிடும். பிறகு குஞ்சு விடலாம். நீர் வரும் மடையில் நெருக்கமான கண்ணுள்ள வலை கட்டுவது அவசியம்.

பொதுக் குளத்தில்

ஊர்க் குளத்தில் புண்ணாக்கு இடக்கூடாது. அங்கே பொடிக் குஞ்சுகளைத் தவிர்த்து, 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தவற்றையே விடுங்கள். சிறிய விராலின் வாய்க்கு அவை அடங்கா. விலை கூடுதல்தான்; ஆனால் மிஞ்சும் எண்ணிக்கை அதை ஈடுகட்டும்.

விரால் பகையல்ல

சந்தையில் நல்ல விலை போகும் மீன் விரால். ஜிலேபிக் கெண்டை பெருகிச் சிறுத்துப்போன குட்டையில், அதன் குஞ்சுகளைத் தின்று கூட்டத்தைக் குறைக்கும். விராலையே தனியாக வளர்ப்பவர்கள் ஒரே அளவுக் குஞ்சுகளாக விட்டு, அவ்வப்போது பெரியவற்றைப் பிரிக்க வேண்டும். தவறினால் பெரியது தன் இனத்துச் சிறியதையே விழுங்கிவிடும்.

மீனின் வாயை அளந்து குஞ்சு விடுங்கள். போட்ட பணம் தண்ணீரில் போகாது.