கூட்டைக் கறைப்படுத்தும் பறவை
(தோப்பில் முஹம்மது மீரானின் நாவல்கள் எதிர்கொள்ளப்பட்ட விதம் பற்றிய ஒரு பார்வை)

கடந்த வருடம் தமிழ்த்தினப் போட்டிக்காக நான் ஒரு சிறுகதை எழுதினேன். இரண்டு தங்கைமாருக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகக் கட்டாரில் பதினொரு வருடம் வேலை செய்யும் ஒரு காக்காவின் கதை அது. வீடு கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் உம்மா பார்க்க வருவார். வந்தவர் மணப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னர் புதுச் சுவரை விரலால் தட்டிப் பார்ப்பார். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா, மேசையில் கிடந்த அப்பியாசக் கொப்பியை எடுத்து அதை வாசித்துவிட்டார். ஏசவில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு, "ஏன் புள்ள, நம்மட ஊட்டுக் குப்பைய நாமளே றோட்டுல கொண்டு கொட்டுறதா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வாவியில் சூரியன் மறைவதைப் பற்றியும் இன ஒற்றுமையைப் பற்றியும் வேறொரு கதை எழுதிப் போட்டிக்குக் கொடுத்தேன். அதற்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. கிடைக்காதது நியாயம்தான்.

இதை அறிந்த எங்கள் தமிழ் ஆசிரியைதான் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை நூலகத்திலிருந்து எடுத்துத் தந்தார். "இவரிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள்" என்றும் சொன்னார். அந்தக் கேள்வி அவரிடம் எப்படியெல்லாம் கேட்கப்பட்டது என்பதைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

தோப்பில் மீரான் 1944ஆம் ஆண்டு கன்னியாகுமரி மாவட்டத்தின் தேங்காப்பட்டணத்தில் பிறந்தவர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956இல்தான் அப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆகவே அவர் படித்தது மலையாளத்தில். வீட்டில் பேசியது தமிழ். ஆரம்பத்தில் தமிழ்க் கதைகளை மலையாள எழுத்தில் எழுதி, பிறர் துணையோடு தமிழ் எழுத்துக்கு மாற்றினார். தொழில் திருநெல்வேலியில் வற்றல் மிளகாய் வியாபாரம். முதல் நாவல் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988இல் அவருடைய சொந்த வெளியீடாக நூலுருப் பெற்றது. பின்னர் 'துறைமுகம்', 'கூனன் தோப்பு', 'சாய்வு நாற்காலி' ஆகியவை வந்தன. 'சாய்வு நாற்காலி'க்கு 1997ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்கடமி விருது கிடைத்தது. 2019 மே 10ஆம் திகதி அவர் காலமானார்.

அவரது நாவல்களைப் பற்றிய முதலாவது முணுமுணுப்பு மொழி பற்றியது. மலையாளமும் அறபும் கலந்த இந்தப் பேச்சுத் தமிழ் விளங்கவில்லை, அகராதி வைத்துக்கொண்டா நாவல் படிப்பது என்று பல வாசகர்கள் சலித்துக்கொண்டார்கள். இதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாப்பா, உம்மா, காக்கா, மௌத்து, கபுறு, ஹயாத்து என்று வரும் பக்கங்களை எங்கள் வீட்டில் மூத்தம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். எழுத்து வாசிக்கத் தெரியாத அவர் ஓரிடத்திலும் நிறுத்திப் பொருள் கேட்கவில்லை. மலையாளச் சொற்கள் வந்த இடங்களில் மட்டும் "அது அவங்கட ஊருப் பேச்சாக்கும்" என்று தாண்டிப் போனார். சென்னையில் கடினம் எனப்பட்ட தமிழ், மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு கிழவிக்கு எளிமையாக இருந்தது. நடை கடினம் என்று எழுதும் விமர்சகர், யாருக்குக் கடினம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இரண்டாவது எதிர்ப்பு பாரதூரமானது. அது சொந்தச் சமூகத்துக்குள்ளிருந்து வந்தது. முதல் நாவலில் ஊரை ஆட்டிப்படைக்கும் வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளி இருக்கிறார். அவருக்குப் பணியாத சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது இருக்கிறார். மக்களின் பயபக்தியை வைத்துப் பிழைக்கும் ஒரு தங்ஙள் இருக்கிறார். ஆங்கிலப் பாடசாலை நடத்த வரும் மஹபூப்கான் என்ற ஆசிரியரும், அந்தப் படிப்பை மார்க்கத்துக்கு விரோதமாகக் கண்டு அஞ்சும் ஊராரும் இருக்கிறார்கள். 'சாய்வு நாற்காலி'யிலோ முஸ்தபாக்கண்ணு பழம்பெருமை பேசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தபடியே வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். மனைவியை அடிப்பதற்கென்றே அவரிடம் ஒரு பிரம்பு இருக்கிறது. அதற்குப் பெயர் 'அதபுப் பிரம்பு'. அதபு என்றால் ஒழுக்கம், மரியாதை. எங்களுக்கு மதரஸாவில் சொல்லித்தந்த அழகான சொல் ஒன்று அந்த வீட்டில் பிரம்பின் பெயராகிவிட்டது. இவற்றை வாசித்த முஸ்லிம்களில் ஒரு பகுதியினர், இவர் எம்மைப் பிறர் முன்னிலையில் இழிவுபடுத்துகிறார் என்றனர்.

ஜேர்மன் மொழியில் இதற்கென்றே ஒரு வசைச்சொல் இருக்கிறதாம். தன் கூட்டைத் தானே அசிங்கப்படுத்தும் பறவை என்பது அதன் பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாசிக் காலத்தைக் கிளறிய ஜேர்மன் எழுத்தாளர்களை நோக்கி அது வீசப்பட்டது. அவர்களில் ஒருவர் ஹைன்ரிக் போல். 1917இல் கொலோன் நகரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். போர் முழுவதும் விருப்பமில்லாத சிப்பாயாக இருந்து, காயப்பட்டு, கைதியாகி, இடிந்து கிடந்த தன் நகரத்துக்குத் திரும்பியவர். அவரும் அவரைப் போன்றோரும் எழுதியதை 'இடிபாட்டு இலக்கியம்' என்று சிலர் ஏளனமாகச் சொன்னபோது, 1952இல் அந்தப் பெயரை அவர் பெருமையோடு ஏற்று ஒரு கட்டுரை எழுதினார். 1963இல் வந்த, ஒரு கோமாளி தன் கதையைத் தானே சொல்லும் நாவல், கத்தோலிக்கப் பெரியவர்களின் போலித்தனத்தைத் தொட்டது. கத்தோலிக்கரே கத்தோலிக்கரை இப்படி எழுதலாமா என்று கோபம் எழுந்தது. 1972இல் ஒரு தீவிரவாதக் குழுவைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளின் வெறித்தனத்தைக் கண்டித்ததற்காக, அவரே தீவிரவாதிகளின் அனுதாபி எனத் தூற்றப்பட்டார். அவர் வீடு சோதனையிடப்பட்டது. அதே வருடத்தில் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

இதன் பின் 1974இல் அவர் எழுதிய 'கத்தரீனா புளூமின் இழந்த மானம்' என்ற சிறிய நாவலை ஆங்கிலத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். வீட்டு வேலை செய்து கௌரவமாக வாழும் ஒரு பெண். பொலிஸார் தேடும் ஒருவனை அவள் ஓர் இரவு அறிந்துகொள்கிறாள். நான்கு நாட்களுக்குள் ஒரு பத்திரிகை அவள் வாழ்க்கையையே திரித்து அச்சிட்டு விற்றுவிடுகிறது. 2019 ஏப்ரல் 21க்குப் பிந்திய மாதங்களில் எங்கள் ஊரின் பெயர் செய்திகளில் எப்படி உச்சரிக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருக்கும் எந்தக் காத்தான்குடிப் பிள்ளைக்கும் அந்நாவலை விளக்கத் தேவையில்லை. சிலர் செய்த கொடுமைக்கு ஊர் முழுவதும் முகம் கொடுத்தது. கொழும்புக்குப் போனால் ஊரின் பெயரைச் சொல்லாமல் "மட்டக்களப்பு" என்று மட்டும் சொல்லும்படி வாப்பா எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே மாமாவின் கேள்வியை நான் இலேசாகத் தள்ளிவிட முடியாது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இரு பள்ளிவாசல்களில் சுடப்பட்டு ஷஹீதான ஊர் இது. அப்போது மாமாவுக்கு ஒன்பது வயது. காயப்பட்ட ஊருக்குத் தன் குறையை வெளியே சொல்லப் பயம் இருக்கும். மீரானின் வாசகர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1992 டிசம்பர் 6இல், பாபரி பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. அந்த நேரத்தில் ஓர் இந்திய முஸ்லிம், தம்மவரின் குறையைப் பற்றிய நாவலைக் கையில் எடுத்தால் யார் யார் இதை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்க்கத்தானே செய்வார்?

ஆனால் எனக்கு அதைவிடச் சங்கடமாக இருந்தது மீரானுக்குக் கிடைத்த பாராட்டின் ஒரு வகை. 'இதுவரை அறியப்படாத இஸ்லாமிய வாழ்வின் கதவைத் திறந்தவர்' என்பது போன்ற வாசகங்களைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். யாருக்கு அறியப்படாத வாழ்வு? மூத்தம்மாவுக்கு அறியப்பட்டதுதானே? இப்படிப் பாராட்டுபவர் நாவலை ஜன்னலாக்கி எட்டிப் பார்க்கிறார். திட்டுபவரோ அந்த ஜன்னலை மூடச் சொல்கிறார். இருவருமே உள்ளே இருக்கும் ஆயிஷாவைப் பார்க்கவில்லை. முதலாளியின் மகளான ஆயிஷாவின் திருமணம் குடும்ப அந்தஸ்தை மட்டும் பார்த்து முடிவாகிறது. அவளிடம் ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பகுதியை வாசித்தபோது 'முஸ்லிம் சமூகம்' என்ற சொல்லே என் மனதில் வரவில்லை. ஆயிஷா மட்டுமே வந்தாள்.

போலுக்கும் இதே கதிதான். சிலருக்கு அவர் நாட்டின் மனச்சாட்சி, சிலருக்குத் துரோகி. நல்ல மனிதர், ஆனால் எழுத்தில் நயம் போதாது என்று சொன்ன விமர்சகர்களும் உண்டு. அந்தக் கடைசி வகையினரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அவர்களாவது எழுத்தைப் பற்றிப் பேசினார்கள். (ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. கொலோன் நகர ஆவணக் காப்பகம் 2009இல் போலின் கையெழுத்துப் பிரதிகளை வாங்கியது. சில வாரங்களில், மார்ச் 3ஆம் திகதி, அந்தக் கட்டடமே இடிந்து விழுந்தது. இடிபாடுகளைப் பற்றி எழுதியவரின் தாள்களை இடிபாடுகளுக்குள்ளிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.)

மீரானிடம் குறையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. அவருடைய முதலாளிமார் மறக்க முடியாதவர்கள். பெண்களோ பெரும்பாலும் அடிபடுகிறார்கள், அழுகிறார்கள், சகிக்கிறார்கள். அவர்கள் தமக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அதிகம் கேட்பதில்லை. சமையலறைப் பக்கம் அவர் வாசலோடு நின்றுவிடுகிறார் போலும். 2004இல் வந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனது. அதற்கும் இதே குற்றச்சாட்டுத்தான் கிடைத்தது. எமது வாவிக்கு வடக்கே ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் 2014இல் 'உம்மத்' என்ற நாவலை வெளியிட்டார். அதை நான் இன்னும் வாசிக்கவில்லை. வாசிக்காமலே அதைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன பலரைக் கண்டிருப்பதால், இங்கு பெயரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

இனி என் சிறுகதைக்கு வருகிறேன். நாங்கள் குடியிருக்கும் வீடு மாமா சவூதியில் உழைத்து உம்மாவுக்குக் கட்டிக் கொடுத்தது. இது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆனால் கதை எழுதும்போது அதை நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் ஆசிரியைகூட நம்பமாட்டார். உண்மையிலேயே நினைக்கவில்லை. பக்கத்து வீதியில் ஒரு காக்காவை நினைத்துத்தான் எழுதினேன். எங்கள் பகுதியில் அப்படிப்பட்ட காக்காமார் இல்லாத வீதி எது?

மீரானின் நாவலை மேசையில் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போயிருந்த ஒரு நாள், மாமா அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் கழித்துக் கொண்டுவந்து தந்தார். சுறாப்பீலி மஹ்மூதைப் பற்றி நிறையப் பேசினார். அவன் முதலாளியை எதிர்த்து நின்ற இடத்தைத் தன் கூட்டாளிமாருக்கும் சொல்லிக் காட்டினாராம். ஊரைக் கேவலப்படுத்தும் புத்தகம் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

தேநீர் குடித்து முடித்துவிட்டு வாசற்படியில் செருப்பைப் போடும்போது கேட்டார்: "புள்ள, அந்தச் செவரத் தட்டிப் பாக்கிற எடம், அது ஒனக்கு யாரு சொன்ன? உம்மாவா?"

"ஒருத்தரும் சொல்லல்ல மாமா. நானா நெனச்சி எழுதின."

அவர் சிறிது நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இந்த மனிசன் வேற என்ன எழுதியிருக்கார் என்று கேட்டார். நூலகத்திலிருந்து எடுத்துவந்த 'சாய்வு நாற்காலி'யைக் கொடுத்தேன். அது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி கடந்து மூன்று வாரமாகிறது. தண்டப்பணம் என் பெயரில் ஏறிக்கொண்டிருக்கிறது.