சுகாதாரப் பாடம்: பாதத்தைப் படிப்போம்



நம் லயத்துப் பிள்ளைகள் இன்று தாதிப் படிப்புக்கும் மருத்துவ உதவியாளர் படிப்புக்கும் போகிறார்கள். பாதத்துக்கு என்றே ஒரு தனிப் படிப்பும் இருக்கிறது, பொடியாட்ரி என்பார்கள். எதைப் படித்தாலும் பரீட்சைக்கு முன்னால் பிள்ளை ராத்திரி முழுக்க எலும்பின் பெயரையும் நரம்பின் பெயரையும் உருப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு இந்தப் பகுதியின் யோசனை இதுதான்: புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வா. அப்பாவைப் பெஞ்சில் உட்கார வை. அவர் காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து, அதில் பாடத்தைப் படி. உனக்குப் பாடம் மறக்காது. அப்பாவின் காலை ஒருவர் கவனித்துப் பார்த்ததாகவும் இருக்கும்.

முதலில் எலும்பு. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். பின்பாதத்திலும் நடுப்பாதத்திலும் 7, அதற்கு முன்னால் நீள எலும்பு 5, விரல்களில் 14. பெருவிரலுக்கு மட்டும் 2, மற்ற விரல்களுக்கு மூன்று மூன்று. இரண்டு பாதத்துக்கும் சேர்த்து 52. உடம்பு முழுவதுமே 206 எலும்புதான் என்கிறபோது, அதில் கால்வாசி கணுக்காலுக்குக் கீழேயே இருக்கிறது. இவற்றில் பெரியது குதிகால் எலும்பு, கல்கேனியஸ். அதன்மேல் உட்கார்ந்திருப்பது டேலஸ். உடம்பின் பாரம் முழுவதும் இந்த டேலஸ் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. ஆனாலும் ஒரு தசைகூட அதில் ஒட்டியிருக்காது. பரீட்சையில் பிரியமாகக் கேட்கும் கேள்வி இது.

ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் மிதித்துப் பாருங்கள். தடத்தில் உட்பக்கம் வளைந்து காலியாக இருக்கும். அந்த வில்லைத் தாங்கிப் பிடிப்பதில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் கெட்டியான அடிச்சவ்வுக்குப் பெரிய பங்கு. காலையில் பெரட்டுக்குப் போக எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலித்து, கொஞ்சம் நடந்ததும் குறைகிறதா? பெரும்பாலும் அது இந்தச் சவ்வின் வலி. "வாதம்" என்று தைலம் பூசிக்கொண்டிருப்பதைவிட, கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியும் குதிகாலுக்கு மெத்தென்ற செருப்பும் உதவும்.

அடுத்தது இரத்தம். நாம் ஒரு வார்த்தையைத் தப்பாகவே பழகிவிட்டோம். கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடப்பதை "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறோம். அது நரம்பு அல்ல, இரத்தக் குழாய். கீழே வந்த இரத்தம் இதயத்துக்கு மேலேறிப் போக வேண்டுமே, அதைத் தள்ளுவது யார்? கெண்டைக்கால் தசைதான். நடக்கும்போது தசை இறுகிக் குழாயைப் பிழிகிறது. குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் இரத்தம் திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அதனால்தான் கெண்டைக்காலுக்கு இரண்டாம் இதயம் என்று பெயர். 400, 500 மரம் நடந்து வெட்டியவரைவிட, பால் ஸ்டோரிலோ தொழிற்சாலையிலோ ஒரே இடத்தில் நின்றவருக்குக் கால் அதிகமாகக் கனப்பது இதனால்தான். வால்வு கெட்டால் இரத்தம் தேங்குகிறது, குழாய் புடைக்கிறது, கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துப் புண்ணாகிறது.

இனி நரம்பு. நிஜமான நரம்பு. இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கும் சயாட்டிக் நரம்புதான் உடம்பிலேயே தடித்த நரம்பு. முழங்காலுக்கு மேலே அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்பைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு அடியிலேயே வருகிறது. நெடுநேரம் குந்தியபடியே புல் பிடுங்கிவிட்டு எழும்போது பாதம் மரத்துப்போய், முன்பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் நரம்பு நசுங்கியதே காரணம். இடையிடையே எழுந்து நிற்க வேண்டும். மற்றொரு கிளை உட்கணுக்காலுக்குப் பின்னால் இறங்கி உள்ளங்காலுக்குப் போகிறது. முள்ளும் கல்லும் சூடும் தெரிவது அதன் வழியாகத்தான். இந்தப் பாடத்தின் முக்கிய இடம் இதுவே. தயவுசெய்து அவசரப்படாமல் வாசியுங்கள்.

தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் ஆங்கில டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். தொழுநோயில் சதை தானாகவே அழுகி விரல் விழுகிறது என்றுதான் அந்தக் காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு காயத்தையும் விசாரித்தார். ஆணி ஏறியது தெரியவில்லை, சூடு சுட்டது தெரியவில்லை, புண்மேலேயே மிதித்து நடக்கிறார்கள். சதையில் குற்றமில்லை, வலி இல்லாததுதான் காலைத் தின்றது. வேலூரில் அவரும் உடன் உழைத்தவர்களும் அந்தக் கால்களுக்கு மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்து போட்டார்கள், புண்ணும் குறைந்தது. பால்மரம் வெட்டிய நமக்கு இது கொஞ்சம் பெருமையான செய்திதான். 1966-இல் அமெரிக்கா போனபின், இனிப்பு நீர்க்காரர்களின் காலிலும் இதே கதை நடப்பதை அவர் எடுத்துச் சொன்னார்.

தொழுநோய் நமக்குள் இன்று அரிது. இனிப்பு நீர் அப்படியல்ல. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், இந்த நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். இரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்காக ஏறியிருந்தால், உடம்பிலேயே நீளமான நரம்புகள்தான் முதலில் கெடுகின்றன. ஆகவே விரல் நுனியில் ஆரம்பித்து, காலுறை மாட்டியதுபோல் மேலே மேலே மரத்துக்கொண்டு வருகிறது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி வருவதால், "இந்தக் கால் அந்தக் கால் மாதிரி இல்லையே" என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

கெடுவது உணர்ச்சி நரம்பு மட்டுமல்ல. தசையை ஆட்டும் நரம்பும் கெடுவதால் விரல்கள் கொக்கிபோல் மடங்குகின்றன. வியர்வை நரம்பு கெடுவதால் தோல் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கிறது. மடங்கிய விரலின் நுனியிலும் பெருவிரலின் அடியிலும் பாரம் ஏறித் தோல் காய்க்கிறது. வலி தெரிகிற காலில் காய்ப்பு ஒரு தொந்தரவு. மரத்த காலிலோ அது செருப்புக்குள் கிடக்கும் கல். அதன் அடியில் சதை நசுங்கிப் புண்ணாகிச் சீழ் பிடித்து, வெளியே தெரியும்போது எலும்பைத் தொட்டிருக்கும். காலுக்கு வரும் இரத்தக் குழாயும் அடைத்திருந்தால் மருந்துகூட அங்கே போய்ச் சேராது. விரலை எடுக்கிறார்கள், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே.

இப்போது பிள்ளைக்குப் பரீட்சை. இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர ஆஸ்பத்திரியில் உருவான சோதனை இது. கருவி வேண்டாம், காசும் வேண்டாம். அப்பா கண்ணை மூடிக்கொள்ளட்டும். உன் ஆள்காட்டி விரலால் அவர் கால்விரலின் நுனியை இறகு பட்டதுபோல் ஓரிரு விநாடி தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல். தொட்டது தெரிந்தால் "வலது", "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் அதே விரலை மறுபடி தொட்டுப் பார்க்காதே. தெரியவில்லை என்றே எழுது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப் போய், காலைச் சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். சர்க்கரை அளவு மட்டும் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

தொட்ட கையோடு நாடியையும் பார். பெருவிரலைத் தூக்கச் சொன்னால் பாதத்தின் மேலே ஒரு தசைநாண் எழும்பும். அதற்குச் சற்று வெளியே விரலை மெதுவாக வைத்தால் ஒரு துடிப்பு கிடைக்கும். உட்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இன்னொன்று. மேல்நாடி சிலருக்குப் பிறவியிலேயே கிடைக்காது. அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டும் கிடைக்கவில்லை, நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது என்றால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சுருட்டு, சிகரெட் பிடிப்பவரானால் அதையும் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் நடக்கிற சில காரியங்களையும் சொல்லியாக வேண்டும். கால் மரத்துப் போச்சு என்று வெந்நீரில் வைப்பது. ரசம்போல் கொதிக்கிற தண்ணீர் அந்தக் காலுக்குத் தெரியாது. காய்ப்பைப் பிளேடால் சீவுவது. புண்மேல் மஞ்சளைக் குழைத்து மூடிவிட்டு அடியில் சீழ் கட்டுவதைப் பார்க்காமல் விடுவது. வெடித்த குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம், நல்லதுதான். விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிப் புண்ணாகும். பாதம் ஒன்று சிவந்து, வீங்கி, சுடுகிறது, ஆனால் வலி அதிகமில்லை என்றால் சுளுக்கு என்று உருவிவிடாதீர்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடி எடுப்பவர்களில் நம் ஆட்கள் அநேகர். வெறுங்காலோடு வெயிலில் தார்ரோட்டில் நடக்கிறோம். வேண்டுதலை விடச் சொல்லவில்லை. ஆனால் சோதனையில் இரண்டு விரல் தெரியாதவர் அந்த ரோட்டில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. முருகன் செருப்பைப் பார்த்துக் கோபித்துக்கொள்ள மாட்டான். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும், கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம்.

செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். முள் முனை அடித்தோலைத் துளைத்து நிற்பது மரத்த காலுக்குத் தெரியாது. அப்படி ஏறிய முள்ளைச் சின்னக் காயம் என்று சொல்லாமல் விடுகிறோம். மூன்று வாரம் கழித்து விரல் கறுத்து ஆஸ்பத்திரியில் படுக்கும்போது, "இது வேலையில் பட்டதா, வீட்டில் பட்டதா?" என்ற கேள்வி வரும், அப்போது காட்ட ஒன்றும் இருக்காது. 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையில் பட்ட காயத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்தால்தானே தெரிவிப்பார்? ஆகவே முள் ஏறிய அன்றைக்கே கிராணியிடமோ மேனேஜரிடமோ சொல்லுங்கள். தேதி, நேரம், எந்தக் காடு, பக்கத்தில் யார் இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியைச் சங்கக் கிளைத் தலைவர் கையில் கொடுத்து வையுங்கள்.