வங்கி அட்டையும் உளவுத்துறையும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள மருமகனுக்கு,

கிள்ளானில் உன் சிநேகிதர்கள் சிலர் தங்கள் வங்கி அட்டையைச் சில நூறு ரிங்கிட்டுக்கு முன்பின் அறியாதவரிடம் கொடுத்துவிட்டு, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பதாக எழுதியிருந்தாய். அதற்கு விடை சொல்லப் புகுந்தால், குற்ற உளவு எதற்காக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை, நீதிமன்றத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் தொலைபேசியில் மிரட்டி, சேமிப்பு முழுவதையும் உன் சிநேகிதன் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்பச் செய்கிறான் என்று வைத்துக்கொள். சில நிமிஷங்களில் அப்பணம் வேறு பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். அம்மையார் அறிந்தது ஒரு குரல். வங்கி அறிந்தது ஓர் எண். தொலைபேசி நிறுவனம் அறிந்தது ஓர் அழைப்பு. தனித்தனியே அற்பமாகத் தோன்றும் இத்துணுக்குகளைச் சேர்த்து, பிற ஊர்ப் புகார்களோடு ஒப்பிட்டு, மறைந்திருந்து இயக்கும் கும்பலைக் கண்டறிவதே உளவின் பிரதான காரியம். இதன்பொருட்டே காவல்துறை, மத்திய வங்கியான பேங்க் நெகாரா முதலிய ஸ்தாபனங்கள் ஒன்றுகூடி இயங்கும் தேசிய மோசடி எதிர்வினை மையம் 2022-இல் தோன்றியது.

தகவலும் நடவடிக்கையும் பிரிந்து நிற்பதன் தீமையை இந்நாடு முன்னரே கண்டது. 1946-இல் அமைந்த மலாயா பாதுகாப்புச் சேவை செய்தி திரட்டியதேயன்றி, கைதுசெய்யும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமானபின், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி பற்றி முன்னெச்சரிக்கை செய்யத் தவறியதென்ற பழியோடு அது கலைக்கப்பட்டு, அப்பொறுப்பு காவல்துறையின் சிறப்புப் பிரிவைச் சேர்ந்தது.

எனினும் அதிகாரம் சேர்ந்தால் மட்டும் போதாது. ரகசியமாகக் கிடைத்த செய்தி எவ்வளவு உறுதியாகத் தோன்றினும், நீதிமன்றத்தில் சாட்சியத்தால் நிலைபெறும்வரை அது சந்தேகமே. விசாரணையின்றி அடைத்துவைக்க இடமளித்த 1960-ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டதற்கு, இந்த விவேகத்தை வேண்டி எழுந்த நெடுங்காலக் கோரிக்கையும் ஒரு காரணம்.

ஆகவே உன் சிநேகிதர்களிடம் சொல்: ‘கெல்டாய்’ (மலாயில் கழுதை) கணக்கு என்று ஊரார் பேசும் இவ்வழக்கத்தை ஒடுக்கத் தண்டனைச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, தக்க காரணமின்றித் தன் கணக்கைப் பிறர் வசம் ஒப்படைப்பதே குற்றமாகிவிட்டது. அட்டையைக் கொடுத்தவன் உடனே வங்கிக்குச் சொல்லி அதை முடக்கிவிட்டுக் காவல் நிலையத்தில் புகார் எழுதட்டும். பணத்தைப் பறிகொடுத்தவர் எவராயினும், வெட்கப்பட்டு ஒளிக்காமல், கணக்கு எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அக்கணமே மேற்சொன்ன மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழைக்கட்டும். தாமதித்தால் பணமும் போகும், துப்பும் போகும்.

அன்புடன்,
உன் மாமா