விசிறி இல்லாத கார்டு

கேள்வி: செகண்ட் ஹேண்டில் டெஸ்லா பி40 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். விசிறியே இல்லை, சில நிமிடங்களில் கொதிக்கிறது. பழுதான கார்டா?

பதில்: பழுதில்லை. 2016-இல் என்விடியா இதை சர்வர்களுக்காகச் செய்தது. அங்கே பெட்டியின் விசிறிகளே கார்டுக்குள் காற்றை முன்னிருந்து பின்னுக்குத் தள்ளிவிடும். வீட்டு கேபினெட்டில் அது நடக்காது. 250 வாட் சூடு எங்கே போகும்?

கார்டின் மேல் விசிறியைக் கட்டிப் பயனில்லை, மூடி தடுக்கும். கேபினெட்டின் உள்பக்கம் இருக்கும் கார்டின் முனையில் ஒரு புளோயர் விசிறியை வைத்து, காற்று உள்ளே இருக்கும் வெப்பத் தகடுகளின் நீளவாக்கில் ஓடும்படி குழல் அமையுங்கள். த்ரீ-டி பிரிண்ட் செய்த குழல் நல்லது. சோதித்துப் பார்க்க கெட்டி அட்டையே போதும். ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். இடுக்கு இருந்தால் காற்று அந்த வழியே நழுவிவிடும். பெரிய புளோயரை மதர்போர்டின் விசிறி இணைப்பில் செருகாதீர்கள். அது பெரும்பாலும் 1 ஆம்பியர்தான் தாங்கும். மின்சக்தி வரம்பை 150 வாட்டுக்குக் குறைத்தால் இரைச்சலும் குறையும், வேகம் அந்த அளவுக்கு விழாது.

முக்கியமான ஒன்று: இதன் 8 முள் இணைப்பு பிராசஸருக்கான வகை. சாதாரண கிராபிக்ஸ் கேபிளை வலிந்து செருகினால் கார்டு போய்விடலாம். சரியான அடாப்டர் வாங்கிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.