மீட்டுப் பார்த்ததுண்டா? போர்டல் சேர்வர் வேலைக்குப் போகிறவர்களுக்கு

2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை இலங்கையின் அரச மின்னஞ்சல் முகவரிகளில் போய்வந்த கடிதங்கள் பல அழிந்துபோயின. அரச அலுவலகங்களுக்கான மேகக் கணிமை வசதியை நடத்திவந்தது தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம், அதாவது ஐ.சி.டி.ஏ. அதற்குள் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேர்வரை மறுபடி எழுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த இடைக்காலத்துக்குப் பேக்கப் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதியே நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாறத் தாமதமானதற்கு நிதிக் கட்டுப்பாடும் முந்தைய பணிப்பாளர் சபைத் தீர்மானங்களும் காரணம் என்று முகவர் நிலையத் தரப்பில் அப்போது விளக்கம் வந்தது.

மாத்தளையில் இருந்துகொண்டு சேர்வர் வேலைக்குத் தயாராகும் தம்பி தங்கையர் இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். நடந்தது மின்னஞ்சல் சேர்வரில். போர்டல் சேர்வரிலும் இதேதான் நடக்கும்.

போர்டல் என்று இங்கே சொல்வது, ஓர் அலுவலகத்தின் கோப்புகள், சுற்றறிக்கைகள், லீவு விண்ணப்பங்கள், அனுமதிகள் எல்லாவற்றையும் ஒரே உள்தளத்தில் வைக்கும் ஏற்பாட்டை. பெரிய இடங்களில் பெரும்பாலும் மைக்ரோசொப்ட்டின் ஷெயார்பாயின்ட். செலவைச் சுருக்கும் இடங்களில் நெக்ஸ்ட்கிளவுட் போன்ற திறந்த மூல மென்பொருள். எங்கள் மாவட்டத்தை எடுங்கள். மாத்தளைக் கச்சேரியின் கீழ் 11 பிரதேச செயலகங்கள். உக்குவளை, ரத்தோட்டை பக்கம் தோட்ட அலுவலகங்கள், தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையத்தைச் சுற்றி மொத்த வியாபாரிகள், சீகிரிய வீதி நெடுக ஹோட்டல்கள். ஒரே கோப்பைப் பல இடங்களில் இருந்து திறக்க வேண்டிய தேவை எல்லாருக்கும் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள ஆள்தான் குறைவு.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்டியில் உள்ள உயர் தொழினுட்பவியல் நிறுவனத்தில் தகவல் தொழினுட்ப உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம். அரச வேலை வேண்டுமென்றால் இலங்கை தகவல் தொடர்பாடல் தொழினுட்ப சேவைக்கான போட்டிப் பரீட்சை அறிவித்தலை வர்த்தமானியில் பார்த்துக்கொண்டே இருங்கள். மைக்ரோசொப்ட்டின் பழைய எம்.சி.எஸ்.ஈ. சான்றிதழ் 2021 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பணம் கட்டச் சொல்லும் வகுப்பு இன்னும் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். இப்போது கேட்கப்படுவது எம்.எஸ்.102, ஏ.இசட்.104, விண்டோஸ் சேர்வருக்கான ஏ.இசட்.800 வரிசை ஆகிய பரீட்சைகள்.

பழகுவதற்கு ஒரு கணினி வேண்டும். ஷெயார்பாயின்ட்டுக்கு 16 ஜிபி நினைவகம் இல்லாமல் இறங்காதீர்கள், நகராது. விண்டோஸ் சேர்வரும் ஷெயார்பாயின்ட்டும் 180 நாள் பரீட்சார்த்தப் பதிப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. மடிக்கணினி சிறியதென்றால் லினக்ஸில் நெக்ஸ்ட்கிளவுட் போட்டுத் தொடங்குங்கள். பெயர்த் தீர்வு, சான்றிதழ், தரவுத்தளம், அனுமதி என்று அடிப்படைகள் இரண்டிலும் ஒன்றுதான். நிறுவி முடித்ததும் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள். அதற்குப் பதில் நிறுவியதை வேண்டுமென்றே உடையுங்கள். தரவுத்தளத்தை நிறுத்துங்கள், கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வட்டை நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் திரையில் என்ன பிழை வருகிறது என்று எழுதி வையுங்கள்.

அந்தக் குறிப்பு ஏன் முக்கியம்? வேலைக்குச் சேர்ந்ததும் வரும் தொலைபேசி அழைப்பு இப்படித்தான் இருக்கும்: "தம்பி, போர்டல் ஓபன் ஆகுதில்லை." இதற்கு மேல் எதுவும் தெரியாது. நீங்கள் கேட்க வேண்டியவை: எல்லாருக்கும் திறக்கவில்லையா, உங்களுக்கு மட்டுமா? நேற்றுத் திறந்ததா? திரையை ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா? ஷெயார்பாயின்ட் பிழைப் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட தொடர்பு எண் ஒன்று இருக்கும். அதுவும் நேரமும் கிடைத்தால், சேர்வரின் பதிவுக் கோப்புகளில் அந்த எண்ணைத் தேடி அந்த ஒரு கோரிக்கை எங்கே விழுந்தது என்று நேரே போய்விடலாம். அந்த எண்ணைப் பார்க்காமல் சேர்வரை மறுதொடக்கம் செய்கிறவர் பிழையைத் தீர்க்கவில்லை, அடுத்த கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். பதிவுகள் வழமையாக 14 நாள்தான் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

போர்டலில் பிழை என்று வருபவற்றில் பெரும்பாலானவை போர்டலில் இருப்பதில்லை. அதன் கீழே இருக்கின்றன. 503 என்று வந்தால், பெரும்பாலும் யாரோ சேவைக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள், அல்லது அது காலாவதியாகியிருக்கும், அதனால் விண்டோஸின் வலைச் சேவையான ஐ.ஐ.எஸ். இல் அந்தத் தளத்தின் அப்ளிகேஷன் பூல் நின்றிருக்கும். எல்லாக் கணினிகளிலும் திறக்கிற தளம் சேர்வரில் மட்டும் மூன்று முறை கடவுச்சொல் கேட்டுவிட்டு 401 காட்டினால் பதற வேண்டாம். தன்னைத் தானே வேறு பெயரில் அழைப்பதை விண்டோஸ் பாதுகாப்புக்காக மறுக்கிறது. அந்தப் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும். பாதுகாப்பையே முழுதாக அணைத்துவிடச் சொல்லும் குறுக்குவழி இணையத்தில் நிறையக் கிடைக்கும். உற்பத்திச் சேர்வரில் அதைச் செய்யாதீர்கள்.

மலைநாட்டுக்கென்றே ஒரு பிழை உண்டு. கரண்ட் போய் வந்த காலையில் ஒருவராலும் உள்நுழைய முடியாது. கடவுச்சொல் சரி, வலையமைப்புச் சரி. கடைசியில் பார்த்தால் பழைய சேர்வரின் மதர்போர்ட் பேட்டரி செத்து, கடிகாரம் பின்னே போயிருக்கும். டொமைன் கட்டுப்பாட்டுச் சேர்வருக்கும் மற்றதற்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரொஸ் முறை உள்நுழைவை ஏற்காது. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இதை முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டலாம். யூ.பி.எஸ். வாங்கும்போது அது தாங்கும் நிமிடங்களை மட்டும் கேட்காதீர்கள். பேட்டரி குறைந்ததும் சேர்வரை ஒழுங்காக மூடிவிடும் இணைப்பு அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வட்டு நிறைவது அடுத்தது. ஷெயார்பாயின்ட் தரவுத்தளங்கள் எஸ்.கியூ.எல். இல் வழமையாக முழு மீட்பு முறையில் இருக்கும். அந்த முறையில் பரிவர்த்தனைப் பதிவுக்கென்று தனி பேக்கப் எடுத்தால்தான் அதற்குள் இடம் காலியாகும். எடுக்காவிட்டால் கோப்பு வளர்ந்துகொண்டே போய், ஒரு நாள் யாராலும் ஒரு எழுத்தைக்கூடச் சேமிக்க முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், தரவுத்தள பேக்கப் மட்டும் ஒவ்வொரு இரவும் ஒழுங்காக ஓடியிருக்கும்.

இனித் தமிழுக்கே உரிய சிக்கல். ஒரு பிரதேச செயலகத்தின் பழைய கடிதங்களை எல்லாம் போர்டலில் ஏற்றுகிறீர்கள். தேடலில் மாத்தளை என்று அடித்தால் ஒன்றும் வராது. ஏனென்றால் அந்தக் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் நாம் மாத்தளை என்று வாசிப்பது, கணினிக்கு கே, எச், ஜே, ஓர் அரைப்புள்ளி, இன்னொரு ஜே, ஐ, எஸ். சிங்களக் கடிதங்களிலும் எஃப்.எம். எழுத்துருக்களால் இதே கதி. தேடல் சேவையை எத்தனை முறை மறுபடி ஓடவிட்டாலும் பயனில்லை; ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். கொழும்பிலிருந்து வரும் பெரிய நிறுவன ஆலோசகர் இதை ஊகிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நேர்முகத்தில் இதை நீங்களாகவே சொன்னால், மும்மொழி அலுவலகத்தில் உங்கள் பெறுமதி அங்கேயே தெரிந்துவிடும்.

கோப்புப் பெயர்களிலும் கவனம். ஒரு தமிழ்க் குறியீடு யூனிகோடின் யூ.டி.எஃப்.8 முறையில் மூன்று பைட். இணைப்பாக நகலெடுக்கும்போது அது ஒன்பது எழுத்தாக விரியும். நீண்ட தமிழ்த் தலைப்பில் கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் கோப்புறை என்று போனால், மின்னஞ்சலில் ஒட்டிய இணைப்பு பாதியில் அறுந்து வரும். கோப்புறைக்குக் குறும்பெயர் வைத்து, முழுத் தலைப்பைத் தனியாக ஒரு நிரலில் (கொலம்) எழுதச் சொல்லுங்கள். பட்டியல்களுக்கு 5,000 வரி என்ற எல்லையும் இருக்கிறது. அதற்கு மேல் போன பட்டியலை வடிகட்டாமல் திறந்தால் சேர்வர் மறுத்துவிடும். 4,000 வரும்போதே தேடும் நிரல்களுக்குச் சுட்டு அட்டவணை (இன்டெக்ஸ்) போட்டுவிட வேண்டும்.

"தேடினால் மற்றவருடைய சம்பளப் பட்டியல் வருகிறது, தேடலைச் சரி செய்யுங்கள்" என்று யாராவது முறையிட்டால், தேடலைத் தொடாதீர்கள். பார்ப்பவருக்கு அனுமதி உள்ளதை மட்டுமே அது காட்டும். எல்லாருக்கும் என்று அனுமதி கொடுத்த இடத்தைத் தேடிப்போய் மூடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது வெறும் சங்கடத்தோடு முடிகிற விஷயமில்லை.

அப்டேட் பற்றி இரண்டு விஷயம். ஷெயார்பாயின்ட்டில் அப்டேட் கோப்பை நிறுவுவதோடு வேலை முடியாது. அமைப்பு வழிகாட்டியையும் ஓட்டினால்தான் தரவுத்தளம் புதிய பதிப்புக்கு வரும். பாதியில் விட்ட சேர்வர்கள் ஏராளம். மற்றது, 2025 ஜூலையில் நடந்த தாக்குதல். சொந்தக் கட்டடத்தில் ஓடும் ஷெயார்பாயின்ட் சேர்வர்களுக்குள் கடவுச்சொல் இல்லாமலே நுழைய வழி கண்டுபிடித்தார்கள். மைக்ரோசொப்ட்டின் மேகச் சேவைக்கு அந்தப் பாதிப்பு இல்லை. நுழைந்தவர்கள் சேர்வரின் மறையாக்கச் சாவிகளையும் எடுத்துப் போனதால், அப்டேட் போட்ட பிறகும் பழைய சாவியோடு திரும்ப வர முடிந்தது. சாவிகளை மாற்றி ஐ.ஐ.எஸ்.ஐ மறுதொடக்கம் செய்தவர்களே அந்தக் கதவை மூடினார்கள். 2016, 2019 பதிப்புகளின் ஆதரவு முடிவுத் திகதியாக மைக்ரோசொப்ட் அறிவித்தது 2026 ஜூலை 14. அந்தப் பதிப்புகளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், உங்கள் முதல் ஆண்டு வேலை போர்டலைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதுதான் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் எங்கே இருக்கிறது என்பதை மேலதிகாரிகள் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. சேர்வர் இருக்கும் அதே அறை அலுமாரியில் வெளிவட்டை வைப்பது பேக்கப் ஆகாது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஒரு பிரதியாவது வேறு ஊரில், வலையமைப்பிலிருந்து துண்டித்து இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒரு தரவுத்தளத்தை வேறு கணினியில் மீட்டு, திறந்து, நடுவில் ஒரு கோப்பைப் படித்துப் பாருங்கள். திகதி, எடுத்த நேரம், சிக்கிய இடம் எல்லாவற்றையும் ஒரு சாதாரணக் கொப்பியில் எழுதுங்கள். போர்டலிலேயே எழுதி வைத்தால், போர்டல் விழுந்த அன்று அதைப் படிக்க முடியாது.

நேர்முகத்துக்கு அந்தக் கொப்பியையே கொண்டு போங்கள், வீட்டில் பழகியபோது எழுதியதாக இருந்தாலும் சரி. நியமனக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் நீங்களும் சிலவற்றைக் கேட்கலாம்: கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? நிர்வாகக் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது? போயா நாளிலும் பொங்கலன்றும் சேர்வர் விழுந்தால் யாரை அழைப்பீர்கள், அதற்கு மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டா?