வினாவோடு முடியும் பாடம்: ஹார்வர்டு வணிகப் பள்ளி – ஒரு நோக்கு

இலக்கண வகுப்பில் நாம் நூற்பாவை முதலில் கூறி, உரையை விளக்கி, அதன்பின் எடுத்துக்காட்டைத் தருகிறோம். உரையாசிரியர்கள் நமக்கு வகுத்துத் தந்த வழி அது. எடுத்துக்காட்டை மட்டும் கையில் கொடுத்து, நூற்பாவை மாணவரே காணட்டும் என்று விட்டுவிட்டால் என்னாகும்? அவ்வாறே செய்து வரும் கல்விக்கூடம் ஒன்று அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், சார்லஸ் ஆற்றங்கரையில் உள்ளது. அதுவே ஹார்வர்டு வணிகப் பள்ளியாகும்.

1908ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இப்பள்ளியின் முதல் தலைவர் எட்வின் கே என்னும் பொருளாதார வரலாற்றறிஞர். ஹார்வர்டுச் சட்டப் பள்ளியில் தீர்ப்புகளை வைத்தே சட்டம் பயிற்றப்படுவதைக் கண்டு, வணிகத்தையும் அவ்வாறே பயிற்ற விழைந்தார். 1919இல் தலைமையேற்ற வாலஸ் டோனம் சட்டம் பயின்றவர். அவர் காலத்தில்தான் இம்முறை வேரூன்றிற்று. 1921இல் எழுதப்பெற்ற முதல் நிகழ்வாய்வு ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றியது. தோல் தொழிலில் தலைமுறைகளாய் ஈடுபட்டுள்ள நம் சமுதாயப் பெரியோர்க்கு இச்செய்தி சுவை தரும் என நம்புகிறோம்.

நிகழ்வாய்வு என்பது யாது? ஒரு நிறுவனம் உண்மையில் எதிர்கொண்ட சிக்கலைக் கணக்கு விவரங்களோடு சில பக்கங்களில் எழுதி, முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுவது. ஏறத்தாழத் தொண்ணூறு மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பில், ஆசிரியர் முன்னறிவிப்பின்றி ஒருவரை அழைத்து, 'நீர் அவ்விடத்தில் இருந்தால் என் செய்வீர்?' என வினவுவார். ஈராண்டுகளில் ஏறக்குறைய ஐந்நூறு நிகழ்வாய்வுகள் இவ்வாறு அலசப்படுகின்றன. வகுப்பில் பேசாதவர் மதிப்பெண் இழப்பார். நம் வகுப்புகளில் பேசுபவரே இழப்பர் என்பதை இங்கு நகைச்சுவையாகச் சொல்லவில்லை!

இவற்றுள் நம் மண்ணைச் சார்ந்ததும் ஒன்றுண்டு. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு, செலுத்த இயலாதோர்க்கும் அறுவை மருத்துவம் செய்யும் முறை அங்கே வளர்ந்தது. அதனைப் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993இல் நிகழ்வாய்வாக எழுதினார். மதுரைக் கண் மருத்துவமனை பாஸ்டன் வகுப்பறையில் பாடமாயிற்று. அதன் வாசலைக் கடந்து செல்லும் நம் மாணவர் எத்துணைப் பேர் அப்பாடத்தைப் படித்திருப்பர்?

படிக்க வேண்டுமாயின் விலை கொடுத்தல் வேண்டும். 1922இல் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ' இதழைத் தொடங்கிய இப்பள்ளி, 1994இல் தன் பதிப்புப் பணிக்கெனத் தனி நிறுவனம் ஒன்றை அமைத்தது. நிகழ்வாய்வுகள் படி ஒன்றுக்கு இவ்வளவு என்று உலகக் கல்லூரிகளுக்கு விற்கப்படுகின்றன; ஆசிரியர்க்குரிய விளக்கக் குறிப்பு மாணவர் கைக்கு எட்டாதவாறு காக்கப்படுகிறது. கோயம்புத்தூரில் பிறந்த சி. கே. பிரகலாத், கேரி ஹாமெலுடன் இணைந்து 1990இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் மேற்சொன்ன இதழில் வந்ததே.

மற்றொரு வருவாய் வழி, பணியிலுள்ள உயர் அலுவலர்க்கான பயிற்சி. போர்க்காலத்தில் தொழிற்சாலை நடத்துவோரைப் பயிற்றுவித்த பட்டறிவிலிருந்து 1945இல் உயர்நிலை மேலாண்மைப் பயிற்சி பிறந்தது. பட்டம் கிடையாது, வளாகத்திலேயே தங்கிச் சில வாரங்கள் பயில வேண்டும். 2020இல் பெருந்தொற்றால் அவ்வகுப்புகள் நின்றபோது பள்ளியின் வருவாயே ஆட்டங்கண்டது. பதிப்பும் பயிற்சியும் எம்.பி.ஏ. மாணவர் கட்டணத்தினும் மிகுதியாக ஈட்டுமளவு வளர்ந்திருந்தன.

குறை இல்லையா எனின், உண்டு. வெற்றி பெற்றோரை வியந்து எழுதும் சாய்வு நிகழ்வாய்வுக்கு இயல்பாக உள்ளது. எரிசக்தித் துறையில் புதுமை செய்ததாக எழுதப்பெற்ற என்ரான் நிறுவனம் 2001இல் பொய்க்கணக்கு வெளிப்பட்டு வீழ்ந்தது; அதன் தலைமைப் பொறுப்பிலிருந்து தண்டனை பெற்ற ஜெஃப்ரி ஸ்கில்லிங் இதே பள்ளியின் மாணவர். நிறுவனம் காட்டுவதையே எழுதுபவர், அது மறைப்பதை எங்ஙனம் காண்பார்? இவ்வினாவை எழுப்பாமல் அம்முறையை அப்படியே எடுத்துக்கொள்வதில் நமக்கு உடன்பாடில்லை.

ஆயினும் எழுதாமலிருப்பது அதனினும் தாழ்வு. 1961இல் ஹார்வர்டின் துணையோடு தோன்றிய அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் இந்திய நிறுவனங்களைப் பற்றித் தானே எழுதத் தொடங்கிற்று. நம் கடைத்தெருவிலோ, மூன்று தலைமுறையாய்க் கடன் கொடுத்து வாங்கி நடத்தும் வணிகரின் அறிவு அவரோடு அடக்கமாகிவிடுகிறது.

சென்ற பருவத்தில் வணிகவியல் மாணவர் மூவரை ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம் அனுப்பினோம். 'கணக்குப் புத்தகத்தைக் கேக்காதீங்க தம்பி, மத்ததெல்லாம் சொல்றேன்' என்றாராம் அப்பெரியவர். இரு மகன்களில் எவரிடம் கடையை ஒப்படைப்பது என்பதே அவருடைய சிக்கல். மாணவர் அதனைத் தமிழில் எட்டுப் பக்கம், தீர்ப்புக் கூறாமல், பெயரை மாற்றி எழுதித் தந்துள்ளனர். படி ஒன்று துறை நூலகத்தில் உள்ளது; வேண்டுவோர் விலையின்றிப் பெறலாம்.